அம்மன் சன்னதியில் மாத்திரையின் பெயரைச் சொன்னேன்

என்னோடு சேர்ந்து மாவிளக்கு எடுக்கிற, வேப்பிலை கட்டுகிற எல்லா அக்கா தங்கைகளுக்கும் இதை எழுதுகிறேன். என் பெயர் கோமதி. பாரிவாக்கத்தில் இருக்கிறோம். போன ஆடியில் என் வீட்டுக்காரர் என் கண்ணெதிரே போயிருக்க வேண்டியவர். இன்று காலையில் அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு டிபன் டப்பாவோடு வேலைக்குப் போயிருக்கிறார். நடுவில் நடந்தது எங்கள் எல்லையம்மன் செய்தது. அதைச் சொல்லாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

என் வீட்டுக்காரர் செல்வத்துக்கு மனநோய் உண்டு. இதை ஒரே வரியில் எழுத எனக்கு எத்தனை வருஷம் ஆனது என்பது அந்த அம்மனுக்குத்தான் தெரியும். சில மாதம் தூங்காமல் பேசிக்கொண்டே இருப்பார். ஊரையே விலைக்கு வாங்கப் போவதாகச் சொல்வார். பிறகு சில மாதம் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவார். ஆஸ்பத்திரியில் லித்தியம் என்று ஒரு மாத்திரை கொடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் ஒழுங்காக வேலைக்குப் போய் வந்தார். ஆனால் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. அவருடைய சொந்த அக்கா, என் அண்ணி வள்ளி, அவருக்கே தெரியாது. மாத்திரையைச் சத்து மாத்திரை டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். யாராவது கேட்டால் ரத்தசோகை என்பேன். முகம் மாறாமல் பொய் சொல்வதில் நான் கெட்டிக்காரி.

போன வருஷம் அவர் நன்றாக இருந்தார். அந்த நன்றிக்காக, ஆடி பிறந்ததிலிருந்து கூழ் ஊற்றும் ஞாயிறு வரை உப்பில்லாமல் சாப்பிடுவதாக அவரே வேண்டிக்கொண்டார். அண்ணி கையில் மஞ்சள் காப்புக் கட்டிவிட்டார். உப்பில்லாத சோறு, உப்பில்லாத குழம்பு. மாத்திரையை மட்டும் ஒரு வேளைகூட விடாமல் கொடுத்தேன். விட்டால்தானே ஆபத்து என்று நினைத்தேன். சாப்பாட்டில் உப்பைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ வேண்டாம் என்று ஆஸ்பத்திரியில் முன்பே சொல்லியிருந்தார்கள். அது சாப்பாட்டு விஷயம், விரதம் வேறு கணக்கு என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றியது. சாமிக்குச் செய்வதையும் டாக்டர் சொன்னதையும் சேர்த்து யோசிக்கிற பழக்கமே எங்கள் வீட்டில் கிடையாது.

கொஞ்ச நாளில் அவருக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. லேத் பட்டறைச் சூடு, வெறும் சோறு, அதனால்தான் என்றார். அப்புறம் வாந்தி. அப்புறம் டம்ளரைப் பிடித்தால் தண்ணீர் சட்டையெல்லாம் சிந்தியது. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருந்தேன். பழைய நோய் திரும்புகிறதோ என்று பயந்தேனே தவிர, வேறு எதுவும் தோன்றவில்லை. கூழ் ஊற்றி முடித்ததும் கூட்டிப்போவோம் என்று நாளைத் தள்ளினேன்.

அந்த ஞாயிறு. கோயில் வாசலில் பெரிய அண்டாவில் கூழ். பம்பைச் சத்தம் காதைப் பிளக்கிறது. வரிசையில் நின்றிருந்த செல்வத்துக்குக் கைகள் பெரிதாக ஆட ஆரம்பித்தன. கால் பின்னியது. நாக்கு குழறியது. பக்கத்தில் இருந்தவர்கள் விலகி இடம் விட்டார்கள்.

"ஆத்தா வந்துகீறா. வழி உடுங்க, வழி உடுங்க" என்றது ஒரு குரல். அண்ணி ஓடிவந்து மஞ்சள் தண்ணீரைத் தலையில் ஊற்றினார். கையில் வேப்பிலை கொடுத்தார்கள். கீழே விழுந்தது. மறுபடி கொடுத்தார்கள். இரண்டு பெண்கள் காலில் விழுந்து குறி கேட்டார்கள். அவர் ஏதோ முனகினார். ஆளுக்கு ஒரு அர்த்தம் சொன்னார்கள்.

நான் அவர் கண்ணைப் பார்த்தேன். சாமி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கண்ணில் ஒரு தீ இருக்கும். இவர் கண் செருகிக்கொண்டு போனது. எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. அம்மனைப் பார்த்துச் சண்டைதான் போட்டேன். "தாயே, உள்ளே இருக்கிறது நீதான்னா ஒரே ஒரு வார்த்தை தெளிவா பேசு. நீ இல்லைன்னா, யாரையாவது அனுப்பு. இப்பவே அனுப்பு." இதுதான் என் பிரார்த்தனை. வேறு மந்திரம் எனக்குத் தெரியாது.

என் தோளை யாரோ தொட்டார்கள். கையில் கூழ் தூக்குவாளியோடு ஒரு அம்மா. குமணன்சாவடியில் இருக்கிறவர். கூழ் வாங்க வந்தவர்.

"அண்ணனுக்கு எத்தினி நாளாமா கை இப்படி ஆடுது? வயித்தால போச்சா?"

போச்சு என்றேன்.

"நான் மனநல வார்டுல நர்ஸ். புஷ்பா. அவர் எதனா மாத்திரை சாப்பிடறாரா?"

அண்ணி என்னைப் பார்க்கிறார். பூசாரி பார்க்கிறார். பம்பைக்காரர் அடிப்பதை நிறுத்திவிட்டார். தெருவே நிற்கிறது. ரத்தசோகை என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. சொல்லியிருந்தால் அந்த அம்மா வாளியை எடுத்துக்கொண்டு போயிருப்பார். நாளைக்கு என் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க வேண்டும், இந்தத் தெருவில்தான் வாழ வேண்டும், எல்லாம் ஒரு நொடியில் ஓடியது. கர்ப்பக்கிரகத்துப் பக்கம் பார்த்தேன். நீ அனுப்பிய ஆளிடமே பொய் சொல்வேனா தாயே என்று நினைத்தேன்.

"லித்தியம் சாப்பிடறார்க்கா. மனநோய்க்கு" என்றேன். உரக்கவே சொன்னேன்.

"இன்னா பேசற கோமதி? கோயில்ல வச்சு ஊட்டு மானத்த வாங்கறியா?" என்றார் அண்ணி.

"மானம் அப்புறம் அண்ணி. முதல்ல ஆள் வேணும்."

புஷ்பா சிஸ்டர் அண்ணியைக் கோபிக்கவில்லை. காப்புக் கட்டின கையைப் பிடித்துப் பார்த்து, "உப்பில்லா விரதமா?" என்று கேட்டார். அண்ணி தலையாட்டினார். "உடம்புல உப்பு கொறஞ்சா இந்த மருந்து வெளிய போவாது, உள்ளயே தேங்கி விஷமாய்டும். வயித்தால வேற போயிருக்கு. வாய்ல ஒண்ணும் ஊத்தாதீங்க, பொரையேறும். அடுத்த வேளை மாத்திரை குடுக்கவே கூடாது. ஆட்டோவ கூப்பிடுங்க."

முதலில் ஓடியது அண்ணிதான். அதை நான் மறக்க மாட்டேன்.

பூந்தமல்லி பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ரத்தம் எடுத்தார்கள். மருந்து அளவு மிக அதிகமாக ஏறியிருந்தது. கொஞ்சம் தாமதித்திருந்தால் கிட்னியோ மூளையோ, உயிரேகூடப் போயிருக்கலாம் என்றார் டாக்டர். செல்வத்தின் கையில் பாட்டில் ஏறிக்கொண்டிருந்தது. அதில் என்ன மருந்து என்று அங்கிருந்த நர்ஸிடம் கேட்டேன்.

"சலைன்தான்மா. உப்புத் தண்ணி."

அப்போதுதான் அழுதேன். அது வரைக்கும் ஒரு சொட்டு வரவில்லை.

அவர் தெளிந்து உட்கார நாளாயிற்று. ஒரு நாள் பார்க்க வந்த புஷ்பா சிஸ்டரிடம், விரதத்தால்தான் இப்படி ஆயிற்றென்றால் இனி சாமி கும்பிடவே கூடாதா என்று கேட்டேன். சண்டைக்குப் போகிற மாதிரிதான் கேட்டேன்.

"யாரு சொன்னா? எங்க வார்டுல சாயங்காலம் பாட்டு வைக்கிறோம், மூச்சுப் பயிற்சி குடுக்கிறோம். மனசுக்குத் தெம்பு குடுக்கறத வேணாம்னு சொல்ல மாட்டேன். ஆனா மாத்திரைக்குப் பதிலா இல்ல, மாத்திரையோட கூட. விரதமோ நாட்டு மருந்தோ, ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிடணும். அவ்ளோதான்."

இந்த வருஷம் ஆடிக்கு முன்னாலேயே, என்ன விரதம் இருக்கலாம் என்று சிஸ்டரைக் கேட்டோம். டீயை விட்டுவிடுகிறேன் என்றார் இவர். அதுவும் திடீரென்று வேண்டாம், ரத்தத்தில் மருந்து அளவு மாறும் என்றார் சிஸ்டர். இவர் யோசித்து யோசித்து, செல்போனை விடட்டுமா என்றார். "அத தாராளமா உடுங்க அண்ணே" என்றார் சிஸ்டர். எனக்கும் அந்த விரதம் மிகவும் பிடித்திருந்தது.

டாக்டர் அளவு பார்த்து மறுபடி தொடங்கிக் கொடுத்த மாத்திரை இப்போது சாமி படத்துப் பக்கத்தில் அதன் சொந்த அட்டையிலேயே இருக்கிறது. ரத்தப் பரிசோதனைக்குப் போகிற நாளில் கோயிலுக்கும் போய், உப்பும் மிளகும் கொட்டிவிட்டு வருகிறோம். தெருவில் சிலர் பேசினார்கள். பேசட்டும். அண்ணி ஒருவர் விடாமல் பதில் கொடுத்துக்கொண்டிருக்கிறார், நான் வாயைத் திறக்கவே வேண்டியதில்லை.

இந்த ஆடிக் கூழுக்கு உப்புப் போடும் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். ஊற்றிக்கொண்டிருக்கும்போது ஒரு பெண் கூழை வாங்கிக்கொண்டு நகராமல் நின்றாள். வேலப்பன்சாவடிப் பக்கமாம். குனிந்து என் காதருகே, "அக்கா, என் தம்பியும் ஏதோ மாத்திரை சாப்பிடறான். ஊட்ல யாரும் வெளிய சொல்றதில்ல. இப்ப காப்புக் கட்டிகினு கீறான்" என்றாள்.

கரண்டியை அண்ணியிடம் கொடுத்துவிட்டு அவள் கையைப் பிடித்தேன். சிஸ்டருக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். அம்மனைப் பார்த்தபடியே நின்று, அந்த மாத்திரையின் பெயரை அவளே சொன்னாள்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு டப்பா இருந்தால் வாருங்கள். அம்மன் முன்னால் சொல்லுங்கள். ஆள் அனுப்புவாள். நான் பக்கத்தில் நிற்கிறேன்.