கடன் வாங்கிய பச்சை சோபா

ஒடிலியா கதவைத் திறந்ததும் கோழி போட்ட மோலே குழம்பின் வாசனை வந்தது. ரொகேலியாவுக்குப் பகீரென்றது. பாவி, இவளும் விருந்து வைத்துவிட்டாளே.

வாட்சன்வில் ஊர் வயல்களில் கூலிக்கு ஸ்ட்ராபெரி பறிக்கும் மெக்சிகோக்காரர்கள், ஞாயிறுதோறும் தேவாலய வாசலில் சாப்பாடு விற்றுச் சேர்க்கும் பணத்தில் ஓர் உதவித்தொகை தருகிறார்கள். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு; வருடத்துக்கு ஒரே பிள்ளைக்கு. வீடு தேடிப் போய்ப் பார்த்து முடிவு செய்வது ரொகேலியாவும் டயர் கடை எஃப்ராயினும். இந்த ஜனமோ, இல்லாமையைக் காட்ட வேண்டிய நாளில்தான் இருப்பதையெல்லாம் வழித்துப் போட்டுக் கறி சமைக்கும்.

ரொகேலியாவும் அப்படிச் செய்தவள்தான். மகன் சவுலுக்காக அன்றைய குழு வந்தபோது, பக்கத்து வீட்டுச் சங்கிலியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வான்கோழி சமைத்துப் போட்டாள். வந்தவர்கள் ருசித்துச் சாப்பிட்டுவிட்டு, வசதியான வீடு என்று வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார்கள். சவுல் இன்று லாரி ஓட்டுகிறான். அந்த ஆற்றாமையில்தான் அவள் குழுவில் சேர்ந்தாள்.

ஒடிலியாவின் மகள் யாரெட்சிக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. இந்தப் பணம் வராவிட்டால் அவளும் அம்மாவோடு வயலுக்குத்தான். எஃப்ராயின் சோபாவில் சாய்ந்து, குழம்பை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். வெளியே வந்ததும் ஆரம்பித்தான்.

"இவங்களுக்கு எதுக்குக்கா உதவி? சோபாவப் பாத்தீங்களா? என் தங்கச்சி வீட்டுல இருக்கற மாதிரியே பச்ச வெல்வெட்டு."

"மாதிரி என்ன மாதிரி? உன் தங்கச்சி வீட்டு சோபாவேதான். வாராவாரம் அதுல படுத்துக் கொறட்ட விடறியே, கைப்பிடியில நீ சிகரெட்டால சுட்ட ஓட்டகூடவா தெரியல?"

எஃப்ராயின் திரும்பி வீட்டைப் பார்த்தான். "அப்ப அந்தக் கோழி?"

"அது அவங்க வாரக்கூலி. நல்லாத்தான தின்ன?"

வண்டியில் ஏறிச் சாவியைப் போட்டவன் மறுபடி அணைத்தான். "அந்தப் பொண்ணுக்கே கொடுத்துடலாம்க்கா" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில் யாரெட்சியின் பெயரை வாசித்தார்கள். கைதட்டல் ஓய்ந்ததும் ஒடிலியா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். "எங்க வீட்டுல என்னக்கா கொறையப் பாத்தீங்க?"

"ஒரு கொறையும் இல்ல. பொண்ணு நல்லாப் படிக்குது, கொடுத்தோம்."

ஒடிலியாவின் முகம் தெளிந்தது. போகப் போனவள் திரும்பி வந்து குரலைத் தாழ்த்தினாள். "சவுல் லாரி சும்மா இருக்குமா? ஒரு சாமானத் திருப்பிக் கொடுக்கணும்."

என்ன சாமான் என்று ரொகேலியா கேட்கவில்லை. சாயங்காலம் அம்மாவும் மகனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து சோபாவை லாரியில் ஏற்றினார்கள். சவுல் அதன் கைப்பிடியைத் தட்டிப் பார்த்தான்.

"இது நம்ம சங்கிலி மாதிரியாம்மா?"

"ஆமாண்டா. ஆனா இது ஜெயிச்சுடுச்சு."

சவுல் சிரித்தான். ரொகேலியாவுக்குத்தான் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.