சூசையம்மாளுக்கு ஊற்றிய தண்ணீர்

பிள்ளைகளா, போன வாரம் அத்தை வந்திருந்தபோது நீங்கள் இருவரும் அவளைக் கிண்டல் செய்ததைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவளுக்குச் சூசையம்மாள் என்று எந்தக் காலத்துப் பெயர், யார் வைத்தது என்று கேட்டீர்கள். அவள் சிரித்துக்கொண்டே, "உங்க அப்பாதான் வச்சாரு, அவரையே கேளுங்க" என்று என் பக்கம் கையைக் காட்டிவிட்டாள். நான் எழுந்து போய்விட்டேன். வாயால் சொன்னால் பாதியில் நிறுத்திவிடுவேன். அதனால் எழுதித் தருகிறேன். படித்துக்கொள்ளுங்கள்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. திருப்பனந்தாள் பக்கம் கொள்ளிடக் கரையை ஒட்டிய ஊர் நம்முடையது. ஊரில் பாதி வீடுகளில் அப்பாக்கள் கிடையாது. சவுதியில் இருப்பார்கள், குவைத்தில் இருப்பார்கள். என் அப்பா ஞாயிற்றுக்கிழமைதோறும் கடைவீதி எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் செய்வார். அம்மா வெளுத்த சேலை கட்டிக்கொண்டு அங்கே போய்க் காத்திருப்பாள். அப்பா இருப்பது சவுதியிலா அந்தக் கண்ணாடிக் கூண்டிலா என்று எனக்கு ரொம்ப நாள் குழப்பம்.

அம்மாவுக்கு அது நிறைமாதம். ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் போனில் பேசிவிட்டு, மறுநாள் கும்பகோணம் போய் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே தங்கிக்கொள்வதாக ஏற்பாடு. "ஒரு போனுக்காக ஏன் நிக்கிற, இப்பவே கிளம்பு" என்று பக்கத்து வீட்டிலிருந்த பெரியம்மா சொல்லிப் பார்த்தாள். அம்மா கேட்கவில்லை.

கார்த்திகை மழை பிடித்துக்கொண்டது. வாய்க்கால் உடைந்து சம்பா வயல் முழுக்கத் தண்ணீர். ரோடு எது, வயல் எது என்று தெரியவில்லை. போன் லைனும் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் மாதா கோயிலில் பூசை வைக்கச் சாமியார்கூட வர முடியவில்லை. கோயில் மணி அடிக்காத அந்தக் காலையில்தான் அம்மாவுக்கு வலி கண்டது.

பெரியப்பா டிராக்டரை எடுத்துக்கொண்டு நர்ஸம்மாவைக் கூட்டி வரக் கிளம்பினார். சுற்றுப்பட்ட ஊர்களுக்கெல்லாம் ஒரே நர்ஸம்மா. அவருடைய குவார்ட்டர்ஸ் உடைப்புக்கு அந்தப் பக்கம் இருந்தது. "தண்ணி இழுக்குது, சுத்திக்கிட்டுதான் போவணும். அதுவரைக்கும் பாக்கியத்தைக் கூப்பிட்டு வச்சிக்க" என்று பெரியம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

பாக்கியம் எங்கள் ஊர் மருத்துவச்சி. நான் பிறந்ததும் அவர் கையில்தான். நம்மைப் போல மாதா கோயிலுக்கு வருகிறவர் இல்லை, நெற்றியில் பெரிய குங்குமம் இருக்கும். நான் பிறந்த பிறகு சர்க்காரே அவரைக் கூப்பிட்டுப் பயிற்சி கொடுத்தது. சர்டிபிகேட்டும் ஒரு அலுமினியப் பெட்டியும் தந்தார்கள். பெட்டிக்குள் பிளேடு, நூல், சோப்பு, குழந்தையின் தொண்டையில் இருக்கும் சளியை எடுக்க ஒரு மெல்லிய குழாய் எல்லாம் இருந்தன. பிறகு மேலிடத்தில் யோசனை மாறிவிட்டது. இனிமேல் எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில்தான் என்று உத்தரவு. இந்த மழைக்கு முந்தைய வருஷம் கீழத்தெருவில் ஒரு பெண் பிள்ளை பெற்றதும் ரத்தம் நிற்காமல் இறந்துபோயிருந்தாள். பிரசவம் பார்த்தது பாக்கியம். நர்ஸம்மா வந்து பெட்டியை வாங்கிக்கொண்டு, இனி பிரசவம் பார்க்க மாட்டேன் என்று கையெழுத்தும் வாங்கிப் போனார். உத்தரவு தப்பென்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் உத்தரவு வந்த வழியாக ரோடு வரவில்லை.

பாக்கியம் வந்தார். வந்தவர் வாசல்படிக்கு வெளியே உட்கார்ந்துகொண்டார். கைகள் இரண்டையும் மடியில் வைத்து முந்தானையால் மூடிக்கொண்டார்.

"நான் தொட மாட்டேங்க. இங்கயே இருக்கேன். என்ன செய்யணும்னு சொல்றேன், நீங்க செய்யுங்க."

"நான் செய்யறதா? ஆடு குட்டி போட்டாலே நான் அந்தப் பக்கம் போறதில்ல" என்றாள் பெரியம்மா.

"அப்ப நர்ஸம்மா வரட்டும்."

உள்ளே அம்மா முனகிக்கொண்டிருந்தாள். பெரியம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "பொட்டிய எடுத்துட்டுப் போனாங்க, சரி. கையையுமா சேத்து எடுத்துட்டுப் போயிட்டாங்க?"

"இந்தக் கையிலதாங்க அந்தப் பொண்ணு போச்சு" என்றார் பாக்கியம். சத்தமாகச் சொல்லவில்லை.

மழைச் சத்தத்துக்குள் டிராக்டர் சத்தம் வருகிறதா என்று மூவரும் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தோம். தகரக் கொட்டகையில் மழை விழுவது ஒவ்வொரு தடவையும் டிராக்டர் மாதிரியே கேட்டது. கொஞ்ச நேரம் கழித்துப் பாக்கியம் என்னைக் கிட்டே கூப்பிட்டு, "தம்பி, கடையில போயி புது பிளேடு ஒண்ணு வாங்கிட்டு வா. உறை பிரிச்சதா இருந்தா வேண்டாம்னு சொல்லு" என்றார். தொடவே மாட்டேன் என்கிறவருக்குப் பிளேடு எதற்கு என்று யோசித்தபடியே ஓடினேன்.

கடை சாத்தியிருந்தது. தட்டினேன். கடைக்காரர் பாதிக் கதவைத் திறந்து, "பிளேடா? மீசை மொளைக்கட்டும்டா, அவசரப்படாத" என்றார். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. காசுகூட வாங்கிக்கொள்ளாமல் எடுத்துக் கொடுத்தார்.

திரும்பி வந்தபோது வாசலில் பாக்கியம் இல்லை. அவருடைய செருப்பு மட்டும் நனைந்துகொண்டு கிடந்தது. அம்மா உள்ளேயிருந்து "பாக்கியம்" என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டாளாம். உடனே எழுந்து, சோப்புப் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்விட்டாராம். பின்னாளில் பெரியம்மா சொன்னது.

பிளேடைக் கதவிடுக்கு வழியாகக் கொடுத்துவிட்டு வெளியே நின்றேன். அம்மா கத்தினாள். பிறகு இன்னும் பெரிதாகக் கத்தினாள். பிறகு ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததுதான் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. பிள்ளை பிறந்தால் அழும் என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள். நான் அந்த அழுகைக்காகக் கதவில் காதை வைத்துக்கொண்டிருந்தேன். பெரியம்மா கதவைத் திறந்துகொண்டு வந்து, என்னைத் தாண்டி, தெருமுனைக்கு ஓடினாள். டிராக்டர் வருகிறதா என்று பார்க்க.

"தம்பி" என்று உள்ளேயிருந்து பாக்கியம் கூப்பிட்டார். "ஒரு சொம்பு தண்ணி எடுத்துக்கிட்டு உள்ள வா."

அம்மா கண்ணை மூடிக் கிடந்தாள். உதடு வெளுத்திருந்தது. பாக்கியம் மண்டியிட்டு உட்கார்ந்து, ஒரு கையால் அம்மாவின் அடிவயிற்றைப் போர்வைக்கு மேலாக அழுத்திப் பிடித்திருந்தார். மடியில் துணி விரித்து அதன்மேல் குழந்தை. இன்னொரு கையால் அதன் முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். குழந்தை நாவல்பழ நிறத்தில் இருந்தது. எல்லாக் குழந்தையும் அப்படித்தான் பிறக்கும்போலிருக்கிறது, அப்புறம் வெளுக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

"உங்க கோயில்ல புள்ளைக்குத் தண்ணி ஊத்தறப்ப ஒண்ணு சொல்வாங்களே, உனக்குத் தெரியுமா கண்ணு?"

எனக்குத் தெரியாமலா? ஞானோபதேச வகுப்பில் சிஸ்டர் ஒரு பிளாஸ்டிக் பொம்மையை வைத்து எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார். ஆபத்து நேரத்தில், சாமியார் இல்லாதபோது, யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். தண்ணீர் தலையில் விழுந்து ஓட வேண்டும். ஊற்றிக்கொண்டே சொல்ல வேண்டும். மீந்த தண்ணீரைக் கால் படாத இடத்தில் கொட்ட வேண்டும். ஆபத்து என்றால் என்னவென்று சிஸ்டர் விளக்கவில்லை. சாமியார் வர முடியாதபடி வெள்ளம் வருவதுதான் ஆபத்து என்று நானாக முடிவுகட்டியிருந்தேன்.

"தெரியும். பொம்மைக்கு ஊத்தியிருக்கேன்."

"அப்ப நீயே ஊத்து. எனக்குக் கை ரெண்டும் வேலையா இருக்கு. அந்த வார்த்தையும் எனக்கு வராது. ஊத்தாம விட்டா நாளைக்கு உங்க அம்மா மனசு ஆறாது."

"பேரு வேணுமே."

"ஏதாச்சும் ஒண்ணு சொல்லு. சீக்கிரம்."

எதிர்ச் சுவரில் கோயில் காலண்டர் தொங்கியது. அந்த மாதப் படத்தில் சூசையப்பர் கையில் லீலி மலரோடு நின்றிருந்தார். வேறு பெயர் தோன்றவில்லை. சொம்பைச் சாய்த்தேன். "சூசை, பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்." ஒரு வார்த்தைகூடப் பிசகவில்லை. தண்ணீர் நெற்றியில் விழுந்து காது வழியாக ஓடித் துணியில் இறங்கியது.

"பொம்பளப் புள்ளடா" என்றார் பாக்கியம். முதுகைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "பரவாயில்ல. சூசையம்மான்னு இருக்கட்டும்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. சாமியார் செய்கிற வேலையை நான் செய்திருக்கிறேன். சொம்போடு மழையில் தெருவுக்கு ஓடினேன். "பெரியம்மா, பாப்பாவுக்கு நானே ஞானஸ்நானம் குடுத்துட்டேன்" என்றேன்.

பெரியம்மா அப்படியே தெருத் தண்ணீரில் உட்கார்ந்துவிட்டாள். வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு அழுதாள். ஞானத்தாய், ஞானத்தகப்பன் என்று யாரும் கூட நிற்காமல், சாப்பாடு போடாமல், கேக் வெட்டாமல் காரியத்தை முடித்துவிட்டேன் என்றுதான் அழுகிறாள் என்று நினைத்தேன். "சாப்பாடு அப்புறம் போட்டுக்கலாம் பெரியம்மா" என்று சமாதானமும் சொன்னேன்.

அப்போதுதான் டிராக்டர் வந்தது.

நர்ஸம்மா இடுப்புவரை சேறாக இறங்கி, பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடினார். நானும் பின்னால் போனேன். அவரைப் பார்த்ததும் பாக்கியம், டீச்சரிடம் அகப்பட்ட பிள்ளை மாதிரி, அம்மாவின் வயிற்றிலிருந்து கையை எடுக்கப் போனார்.

"கையை எடுக்காத பாக்கியம்" என்றார் நர்ஸம்மா. "அப்படியே அழுத்திக்கிட்டு இரு. எடுத்தா நான்தான் ஒன்னத் திட்டுவேன்."

பையிலிருந்து அந்த மெல்லிய குழாயை எடுத்தார். ஒரு முனையைக் குழந்தையின் வாய்க்குள் விட்டு, மறுமுனையைத் தன் வாயில் வைத்து உறிஞ்சினார். மறுபடியும் உறிஞ்சினார். பாக்கியத்தின் கண் அந்தக் குழாய்மேலேயே இருந்தது. தன் பெட்டியில் இருந்த அதே குழாய். நர்ஸம்மா குழந்தையின் உள்ளங்காலைச் சுண்டினார். விக்கல் மாதிரி ஒரு சத்தம். பிறகு பூனைக்குட்டி கத்துவது மாதிரி ஒன்று. பிறகுதான் உங்கள் அத்தை அழுதாள். அதற்கப்புறம் யாராலும் நிறுத்த முடியவில்லை.

அம்மாவுக்கு ரத்தம் நிற்க ஊசி போட்டு, டிராக்டர் டிரெய்லரில் வைக்கோல் பரப்பிப் படுக்கவைத்து, தார்ப்பாய் கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஒரு பக்கம் நர்ஸம்மா, மறுபக்கம் பாக்கியம். வரப்பு மறைந்த அந்தத் தண்ணீருக்குள் டிரெய்லர் ஆடி ஆடிப் போனதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அம்மா பிழைத்து வந்தாள். பிரசவம் பார்த்தது தான்தான் என்று நர்ஸம்மா எல்லோரிடமும் சொன்னார். நர்ஸம்மாதான் பார்த்தார் என்று பாக்கியமும் சொன்னார். நர்ஸம்மா பேர் வாங்கிக்கொண்டார் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை; பாக்கியம் போட்ட கையெழுத்து ஒன்று இருந்ததே. அதற்குப் பிறகு பாக்கியம் தனியாகப் பிரசவம் பார்க்கவில்லை. யாருக்கு வலி வந்தாலும் ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போவார்.

ரோடு சரியானதும் சாமியார் வந்தார். நான் ஊற்றியதை அப்படியே செய்துகாட்டச் சொன்னார். பார்த்துவிட்டு, "செல்லும்" என்றார். ஞானஸ்நானம் ஒரு தடவைதான், பெயரும் அதுதான் என்று சொல்லிவிட்டார். அப்பா சவுதியிலிருந்து ஷைனி என்று ஒரு பெயரை யோசித்து வைத்திருந்தார். ஒன்றும் நடக்கவில்லை.

பல வருஷம் இதை நான் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நான் ஆரம்பித்ததும் அம்மா எழுந்து போய்விடுவாள். ஏன் போகிறாள் என்று நான் கேட்டதில்லை.

மூத்தவனே, நீ பிறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றேன். கதவு சாத்தியிருந்தது. உள்ளே உன் அம்மா கத்திவிட்டு, சத்தம் நின்றது. உன் அழுகை வருமென்று பார்த்தால் வரவில்லை. என்னையறியாமல் கடைக்கு ஓடி ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கி வந்து கதவருகே நின்றேன். பிழைக்காது என்று தெரிந்த பிள்ளைக்குத்தான் சாமியாருக்குக் காத்திராமல் தண்ணீர் ஊற்றுவார்கள் என்பது அங்கே நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. முதுகைத் தேய்த்துக்கொண்டே பாக்கியம் என்னிடம் தண்ணீர் கேட்டது எதற்கென்றும், பெரியம்மா ஏன் தெருவில் உட்கார்ந்தாள் என்றும்.

கொஞ்ச நேரத்தில் நீ அழுதாய். நர்ஸ் வெளியே வந்து, "ரெண்டு பேரும் நல்லாருக்காங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், உன் மாமா மிட்டாய் வாங்க ஓடினார். நான் மட்டும் ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கம் போனேன். மதில் ஓரம் ஒரு வேப்பமரம் இருந்தது. அதற்குப் பின்னால், யார் காலும் படாத இடமாகப் பார்த்து, பாட்டில் மூடியைத் திருகித் திறந்து, தண்ணீர் முழுவதையும் வேரில் ஊற்றினேன்.