அம்மனுக்கு என்ன கலர் சேலை?

இன்று குடும்பத்தோடு அவிநாசி போகிற வழியில் திருமுருகன்பூண்டியில் ஒரு சிற்பப் பட்டறைக்குள் நுழைந்தோம். செதுக்கி முடித்த அம்மன் சிலையில் கண் மட்டும் பாக்கி.

ஏன் என்று என் ஏழு வயது மகள் கேட்டாள்.

"கோயல்ல வெச்சு, பூசை பண்ணித்தான் கண்ணத் தொறப்போம் கண்ணு. அப்பத்தான் சாமி நம்மளப் பாக்கும்" என்றார் சிற்பி.

அவிநாசியில் அம்மன் சன்னதி முன் கண்ணை மூடிக் கும்பிட்டேன். மகள் கையைச் சுரண்டினாள்.

"சாமி தொறந்து பாக்குதில்லீங்மா? நாம ஏன் மூடிக்கறோம்?"

அவள் நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டேன்.

வெளியே வந்ததும் அடுத்த கேள்வி. "அம்மனுக்கு இன்னிக்கு என்ன கலர் சேலைங்மா?"

கண்ணை மூடியே கும்பிட்டதில் நான் சேலையைப் பார்க்கவே இல்லை. இத்தனைக்கும் எனக்குப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. துணியில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் விடமாட்டேன்.

உங்கள் ஊர் அம்மன் இன்று என்ன நிறம் உடுத்தியிருந்தாள்? பார்த்தவர்கள் மட்டும் சொல்லுங்கள்.