ரோஜாவோடு வந்த கோரை

நர்சரிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது சாகாத செடி. அப்படிப்பட்டது களை ஒன்றுதான் என்று சொன்னால் வியாபாரம் நடக்காது.

பார்த்தீனியத்தைப் பிடுங்கிக் கை அரித்தவர்களே, மொட்டைமாடிச் சுவர்ப் பிளவில் அரசங்கன்றைப் பார்த்துத் திடுக்கிட்டவர்களே, அழகுக்காக வைத்த மஞ்சள் பூக்கொடி வாசற்படி வரை ஏறிவிட்டதே என்று புலம்புகிறவர்களே, நானும் உங்களில் ஒருத்திதான். கோரைப்புல்லைப் பற்றிப் பேசும்போது மட்டும் உங்கள் வரிசையில் நிற்க எனக்கு யோக்கியதை இல்லை. மாடம்பாக்கம் போகும் சாலையில் இருபது வருடம் நர்சரி நடத்தினேன். தாம்பரத்தைச் சுற்றி எங்காவது உங்களுக்குத் தோட்டம் இருந்தால், அங்கே முளைக்கும் கோரையில் கொஞ்சம் நான் கொடுத்ததாக இருக்கலாம்.

ஏரி மண்

ஒரு வருடம் நல்ல செம்மண் கிடைக்கவில்லை. முதல் மழை விழுந்ததும் ஜனங்கள் செடி வாங்கக் கிளம்பிவிடுவார்கள். என்னிடமோ கறுப்புப் பைகள் கட்டுக்கட்டாகக் காலியாகக் கிடந்தன. ஏரியில் தூர்வாரிய மண்ணை ஒரு டிராக்டர் கொண்டுவந்து கொட்டியது. என்னோடு வேலை பார்த்த கன்னியம்மா அந்தப் பக்கத்து வயல்களில் களை எடுத்து வளர்ந்தவள். ஒரு கட்டியை உடைத்து என் உள்ளங்கையில் வைத்தாள். நூல் போன்ற வேரில் கோத்தாற்போல நாலைந்து கறுப்புக் கிழங்குகள். முகர்ந்தால் ஒரு வாசனைகூட இருந்தது.

"பரவாயில்லை, நிரப்பு" என்றேன். அதன் பிறகு தினமும் காலையில், ஆட்கள் வருவதற்குள், அவள் பை பையாகக் குனிந்து கோரைத் தளிரைக் கிள்ளுவாள். கண்ணில் படுகிற பச்சை போய்விட்டால் மண் சுத்தம் என்பது எங்கள் தொழிலில் ஒரு வழக்கம். ஒருநாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தவள் சொன்னாள்: "தலைய கிள்ளினா இன்னாக்கா ஆவும்? கெழங்கு உள்ள சிரிச்சிகினு கீது."

ஊரப்பாக்கத்து இளைஞர்

ஊரப்பாக்கத்தில் புது வீடு கட்டிக் குடிபோன ஓர் இளைஞர் என்னிடம் ஒரு சிவப்பு ரோஜா வாங்கிப் போயிருந்தார். இரண்டு மாதம் கழித்து செல்போனோடு வந்து ஒரு படத்தைக் காட்டினார். பெரிய மண்தொட்டி, அடியில் தட்டு, மேலே கூழாங்கல் அலங்காரம். நடுவில் ராஜகம்பீரமாக ஒரே ஒரு கோரை. தினமும் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றுகிறாராம். பெயர் கேட்டார். கோரை என்று சொல்ல வாய் வரவில்லை. "அது ஒரு புல் வகை" என்று சொல்லிவைத்தேன்.

அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் இன்னும் என்னை உறுத்துகிறது. "ரோஜா போயிடுச்சு மேடம், ஆனா அதுகூட ஃப்ரீயா வந்த செடி சூப்பரா வருது!"

வெள்ளியும் ஞாயிறும்

ஸ்டெல்லா டீச்சர் சேலையூரில் இருந்தார், பணி ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். வீட்டுப் பக்கவாட்டில் ஒரே ஒரு பாத்தி. அதில் ஒரு களை இருந்து நான் பார்த்ததில்லை. வெள்ளிக்கிழமை பூக்கும் பூ மதில் தாண்டிப் பக்கத்து வீட்டு விசாலத்தின் பூஜை அலமாரிக்கு; ஞாயிற்றுக்கிழமை பூப்பது சர்ச்சில் பீடத்துக்கு. பதினெட்டு வருடமாக அப்படித்தான்.

அந்தப் பாத்திக்குத்தான் நான் பத்து வெள்ளை ரோஜாக்களை ஏரி மண்ணோடு கொண்டுபோய் இறக்கினேன். அது ஒரு வெள்ளிக்கிழமை. மதிலுக்கு மேலே நீண்ட விசாலத்தின் கையில் பூவை வைத்துவிட்டு டீச்சர் சொன்னார்: "பெரிய பூவெல்லாம் உங்க சாமிக்கே குடுத்துட்டேன் விசாலம். எங்க ஆண்டவர் கோச்சுக்க மாட்டார், அவருக்குப் பழகிடுச்சு."

எச்ச உம்மை

அடுத்த வருடம் டீச்சர் ஒரு பிளாஸ்டிக் கவரோடு கடைக்கு வந்தார். உள்ளே கிழங்கோடு கோரை. பாத்தி முழுக்கப் பரவிவிட்டது. அவருக்கோ முழங்கால் மடங்கவில்லை, உட்கார்ந்து பிடுங்க முடியாது. விசாலம் வீட்டில் மாடி கட்ட மதிலோரம் மணல் கொட்டியிருந்தார்கள். அதிலிருந்துதான் வந்தது என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். விசாலம் இல்லவே இல்லை என்றிருக்கிறாள். இருவருக்கும் வார்த்தை தடித்துவிட்டது. "நீங்க சொல்லுங்கம்மா, இது மணல்ல வர்றதுதானே?" என்றார்.

"மணல்லயும் வரும் டீச்சர்" என்றேன்.

பொய் இல்லை. கல்லூரியில் தமிழ் படித்தவள் நான். அந்த 'உம்' எச்ச உம்மை, சொல்லாமல் விட்ட ஒன்று மிச்சம் இருக்கிறது என்று காட்டுவது. இலக்கணம் எனக்குத் தெரியும். டீச்சர் காதில் விழுந்தது மணல் மட்டும். அதை ஒரு தீர்ப்பு மாதிரி எடுத்துக்கொண்டு போனார். செடி விற்கிற அம்மாவே சொல்லிவிட்டாள் என்று மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைப் பூ செடியிலேயே வாடியது.

டீச்சரின் ஆட்டோ திரும்பும் வரை காத்திருந்த கன்னியம்மா என் பக்கம் திரும்பினாள். "இன்னாக்கா, வாய்லயும் கோரை மொளச்சிகிச்சா?"

ஒன்பதாவது மாடி

கடையை மூடிய பிறகுதான் எனக்குத் துணிவு வந்தது. மண் விற்கிற வரை மண்ணைப் பற்றி உண்மை பேசுவது கடினம். சேலையூருக்குப் போனேன். பாத்தி இருந்த இடத்தில் சிவப்பு டைல்ஸ். பக்கத்து வீடு பூட்டியிருந்தது. விசாலம் மகனோடு நாவலூரில் ஏதோ அடுக்குமாடியில் ஒன்பதாவது மாடிக்குப் போய்விட்டாள். டிராக்டர், கிழங்கு, காலையில் கிள்ளியது, எல்லாவற்றையும் டீச்சரிடம் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு செல்போனில் ஒரு பெயரைத் தேடினார். "என்கிட்ட சொன்னதை அவங்ககிட்டயும் சொல்லுங்க" என்று ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தார். அந்த ஒரு அழைப்பால் மதில் தாண்டி மறுபடி ஒரு கை நீளும் என்று அவர் நம்பினார். நானும் நம்பினேன்.

சொல்லி முடித்தேன். அந்தப் பக்கம் குக்கர் விசில் ஒன்று அடித்து ஓய்ந்தது. பிறகு விசாலத்தின் குரல் கோபமே இல்லாமல் வந்தது. "மணல் இல்லேன்னு எனக்கு அப்பவே தெரியுமேம்மா. யார் மண்ணா இருந்தா என்ன, டீச்சர் நான் சொன்னதை நம்பலையே. அடுப்புல வேலை இருக்கு, வெச்சிடட்டுமா?"

கோரையை இளசாக இருக்கும்போதே, மண் ஈரமாக இருக்கும்போதே பிடுங்கிவிட வேண்டும் என்று கடைக்கு வந்தவர் அத்தனை பேருக்கும் இலவசமாகச் சொல்லிக்கொண்டிருந்தவள் நான்தான்.