பெண்பிள்ளைகளின் நாட்களில் நிரம்பிய கணினி

எங்கள் சனசமூக நிலையத்துக் கணினியில் இடம் போதாது என்ற அறிவிப்பு முதன்முதலில் தோன்றியபோது நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கணினிகளில் குப்பை சேர்வது வழக்கம். தற்காலிகக் கோப்புகளை அழித்தேன். யாரோ நிறுவியிருந்த கார் ஓட்ட விளையாட்டுகளை நீக்கினேன். வன்தட்டின் நிலையைக் காட்டும் சிவப்புக் கோடு நீலமாகியது. அடுத்த கிழமை அது மறுபடியும் சிவந்திருந்தது.

வல்வெட்டித்துறைக்கு அயலிலுள்ள எங்கள் ஊரில் அந்தக் கணினி என்னவாக இருந்தது என்பதைச் சொன்னால்தான் பிறகு எனக்கு வந்த கோபம் விளங்கும். பல்கலைக்கழகம் புகுவதற்கான உயர்தரப் பரீட்சைக்கு இரண்டாம் முறை தோற்றவிருந்த நான்கு பெண்பிள்ளைகள் எங்கள் நிலையத்துக்கு வந்துகொண்டிருந்தார்கள். எல்லோரும் கடற்றொழில் செய்யும் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். நல்ல பௌதிக வகுப்பு என்றால் நல்லூருக்குப் போகவேண்டும். வகுப்பு முடிகிற நேரத்தில் திரும்பி வர பஸ் இல்லை. அங்கு கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் தம் வகுப்புகளைப் பதிவுசெய்து எங்களுக்கு இலவசமாகத் தர இணங்கினார். பட்டப்படிப்பை முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த நான் கிழமைதோறும் போய் அந்தப் பதிவுகளை வாங்கி வந்து கணினியில் ஏற்றுவேன். பிள்ளைகள் பின்னேரங்களில் வந்து, ஒரே திரையின் முன் நெருக்கியடித்துக்கொண்டு, நிறுத்தியும் திரும்ப ஓடவிட்டும் படிப்பார்கள். வன்தட்டு நிரம்பியதால் புதிய பாடத்தை ஏற்றுவதற்குப் பழைய பாடத்தை அழிக்க நேர்ந்தது. மின்னியல் வந்தபோது வெப்பவியல் போயிற்று.

நிலையத்தின் செயலாளரை ஊரில் எல்லோரும் அண்ணை என்றுதான் கூப்பிடுவார்கள். காலையில் கதவைத் திறப்பதும், கூட்டுவதும், பத்திரிகைகளை மேசையில் விரித்து வைப்பதும் அவரே. கணினி நிரம்புகிற விஷயத்தில் அவருக்கு ஐயமே இருக்கவில்லை.

"நான் பாத்துக்கொண்டுதான் வாறன், பிள்ளை. உந்தப் பெட்டையள் வாற நாளிலைதான் நிரம்புது. படம் இறக்கினம், வேறையென்ன?"

நான் அதை மறுக்க நினைத்து ஒவ்வொரு நாளும் மீதியிருந்த இடத்தைக் கவனித்தேன். அவர் சொன்னது உண்மை. பிள்ளைகள் வந்த நாட்களில் இடம் சுருங்கியது. வராத நாட்களில் ஏறக்குறைய அப்படியே இருந்தது. பிள்ளைகளைக் கேட்டேன். நால்வரில் மூத்தவள், எதற்கும் தயங்காதவள், சிரித்துவிட்டாள்.

"படம் பாக்கிறதெண்டா போனிலை பாப்பம் அக்கா. உந்தக் கிழட்டுக் கொம்பியூட்டரிலை ஆர் பாப்பினம்?"

அவள் பேச்சை நான் நம்பினேன். ஆனால் என் நம்பிக்கை நிர்வாகசபைக்குப் போதவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் முடிவெடுப்பதாகவும், காரணம் தெரியாவிட்டால் கணினிக்குக் கடவுச்சொல் போட்டு நிர்வாக வேலைகளுக்கு மட்டும் வைத்துக்கொள்வதாகவும் செயலாளர் சொன்னார். பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கணினியை விட்டால் அவர்களுக்கு வேறு வகுப்பு இல்லை.

நான் இருந்து ஒவ்வொரு கோப்புறையின் அளவையும் பார்த்துக் கூட்டினேன். எல்லாம் சேர்ந்து வன்தட்டின் பாதியைக்கூட எட்டவில்லை. மீதி இடத்தை ஏதோ ஒன்று பிடித்திருந்தது, அது என் கண்ணுக்குக் காட்டப்படவில்லை. வைரஸாக இருக்கலாம் என்று தேடினேன், ஒன்றும் அகப்படவில்லை. அப்போது அம்மன் கோயில் திருவிழா ஞாபகத்துக்கு வந்தது. திருவிழா நடந்த நாட்கள் முழுவதும் எங்கள் நிலைய மண்டபம் பூட்டியிருந்தது. கணினியை ஒருபோதும் அணைக்கக்கூடாது, அணைத்தால் பழுதாகிவிடும் என்று அதைத் தந்தவர் சொல்லியிருந்தபடியால் அது உள்ளே தனியாக ஓடிக்கொண்டே இருந்தது. அத்தனை நாட்களிலும் வன்தட்டு கொஞ்சமும் நிரம்பவில்லை. எந்த வைரஸும் திருவிழாவுக்கு விடுமுறை எடுப்பதில்லை. இது நிரம்புவதற்கு மண்டபத்துக்குள் மனிதர்கள் நடமாட வேண்டியிருந்தது.

மறைத்து வைக்கப்பட்ட கோப்புறைகளையும் காட்டும்படி கணினிக்குக் கட்டளையிட்டேன். ஒன்று வெளியே வந்தது. உள்ளே நாளும் நேரமும் பெயராக இடப்பட்ட வீடியோக்கள், உருட்ட உருட்ட முடியாமல் இருந்தன. ஒன்றைத் திறந்தேன். மேலிருந்து எடுக்கப்பட்ட காட்சி. எண்ணெய் வைத்து வாரிய நான்கு தலைகள். ஒருத்தி தாளில் கணக்குச் செய்கிறாள், ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டு சூத்திரம் சொல்கிறாள். அவள் குரல் தெளிவாகக் கேட்டது.

நான் நிமிர்ந்து பார்த்தேன். பின்கதவுக்கு மேலே சுவரில், கறுத்த கண்ணாடிக் குமிழுக்குள், கமரா இருந்தது.

அந்தக் கமரா எல்லோருக்கும் தெரிந்ததுதான். வாசலில் விட்ட சைக்கிள்கள் இரண்டு முறை களவு போனபின், ஜன்னல் வழியே வாசலைப் பார்க்கும்படி பூட்டப்பட்டது. குமிழுக்குள் இருப்பதால் அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கீழே நிற்பவருக்குத் தெரியாது. முந்திய ஆண்டு, வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஊரவரின் சங்கத்தின் சார்பில் ஒருவர் விடுமுறைக்கு வந்தார். கணினியைத் தந்தவர் அவரே. ஏணியை வாங்கி, ஒரு நாள் முழுக்க நின்று, எல்லாவற்றையும் தாமே பூட்டிக் கொடுத்தார். அன்று அந்தக் கண் சைக்கிள்களை விட்டு மண்டபத்துக்குள் திரும்பியிருக்கிறது. அசைவு இருந்தால் மட்டும் பதியும்படியும், இணையத்தின் வழியே தம் நாட்டிலிருந்தே பார்க்கும்படியும் அமைத்திருந்தார். பழையவற்றை அழிக்கும்படி அமைக்கவில்லை. பிள்ளைகள் அசைந்தார்கள், ஆகவே வன்தட்டு நிரம்பியது. அதற்காகத் திருட்டுத்தனமாகப் படம் பார்ப்பவர்கள் என்ற பெயரும் அவர்களுக்குக் கிடைத்தது.

இன்னொரு வீடியோவைத் திறந்தேன். அதில் ஒரு பிள்ளை தன் சினேகிதியிடம் வீட்டு விஷயம் ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தாள். சில வார்த்தைகள் கேட்டதும் மூடிவிட்டேன். அது என்னவென்று இங்கே எழுதமாட்டேன். வேறு நாட்டில் ஒருவர் தேநீர் குடித்துக்கொண்டே அதைக் கேட்டிருக்கக்கூடும்.

செயலாளர் பழைய பத்திரிகைகளைக் கட்டிக்கொண்டிருந்தார். கமரா உள்ளே பார்ப்பது தெரியுமா என்று கேட்டேன். அவர் முடிச்சைப் போட்டு முடித்துவிட்டே பதில் சொன்னார்.

"பிள்ளையள் வாற பின்னேரத்திலை வெளிநாட்டிலை இருக்கிறவை பாக்கிறது தெரியும். சேத்து வைக்கிறது தெரியாது, பிள்ளை. சாமான் தந்தவை, பாவிக்கினமோ எண்டு பாக்கக் கேட்டவை. அதிலை என்ன பிழை?"

"பிள்ளையளுக்குச் சொன்னனீங்களோ?"

"சொன்னா வருவினமோ?"

அந்தப் பதிலை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. பிழையில்லாத காரியம் என்றால் அதை ஏன் மறைக்க வேண்டும்? சொன்னால் வரமாட்டார்கள் என்று அறிந்திருந்தவர், அதே வாயால் அவர்களைக் குற்றம் சாட்டினார்.

எங்கள் ஊரில் ஒருவர் தண்ணீர்த் தாங்கி தந்தால் அதில் அவர் குடும்பத்தின் பெயர் எழுதப்படும். கதிரை தந்தால் கதிரையின் முதுகில் எழுதப்படும். பள்ளிக்கூடக் கொப்பி வாங்குகிற பிள்ளையும் கொப்பியைப் பாதி வாங்கியபடி நின்று படத்துக்கு முகம் காட்ட வேண்டும். அந்தப் படம் கடல் கடந்து போகும். போரால் சிதறியவர்கள் ஊரை மறக்காமல் அனுப்பும் உதவியை நான் சிறுமைப்படுத்தவில்லை. அந்த உதவியால்தான் எங்கள் நிலையத்துக்குக் கூரை வந்தது. ஆனால் பெறுகிறவர் தம் முகத்தையும் சேர்த்துக் கொடுத்தால்தான் கணக்குத் தீரும் என்ற பழக்கம் எங்களுக்கு இயல்பாகிவிட்டது. படம் எடுக்கும்போது பிள்ளை நிமிர்ந்து நிற்கவாவது அவகாசம் இருந்தது. கமரா அதையும் எடுத்துவிட்டது.

வெளிநாட்டிலிருந்தவருக்குத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் கோபப்படவில்லை. நன்கொடை தருபவர்களுக்குத் தாம் பொறுப்புச் சொல்ல வேண்டியிருக்கிறது என்றார். வன்தட்டு நிரம்பினால் பெரிதாக ஒன்று வாங்கி அனுப்புவதாகவும் சொன்னார். பிறகு, பேச்சோடு பேச்சாக, படிக்கிற நேரத்தில் பிள்ளைகள் அளவுக்கு மிஞ்சிச் சிரிக்கிறார்களே, அதை நான் கவனிக்கக் கூடாதா என்று கேட்டார். நான் தொலைபேசியை வைத்துவிட்டேன். வைத்திராவிட்டால் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியாது.

கூட்டத்தில் எல்லாவற்றையும் போட்டு உடைப்பது என்றுதான் முதலில் தீர்மானித்தேன். பின்னர் அதன் விளைவுகளை எண்ணிப் பார்த்தேன். கூட்டத்தில் சொன்னது பொழுதுபடுவதற்குள் ஊர் முழுக்கப் போய்விடும். தகப்பன்மார் கமராவைத் திட்டுவார்கள். திட்டிவிட்டுப் பிள்ளைகளை மறிப்பார்கள். பார்த்தவனுக்குத் தண்டனை இல்லாமல் பார்க்கப்பட்டவள் வீட்டில் இருக்க வேண்டி வரும். சொல்லாமல் விட்டாலோ நானும் செயலாளரைப் போல ஆகிவிடுவேன். ஆகையால் சனிக்கிழமை பின்னேரம் கமராவின் வயரைக் கழற்றிவிட்டு, முதலில் பிள்ளைகளிடம் சொன்னேன்.

யாரும் அழவில்லை. வீட்டு விஷயம் சொன்ன பிள்ளை மட்டும் எழுந்து ஜன்னலடியில் போய் நின்றாள். மூத்தவள் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"அழிச்சுப்போட்டியளோ அக்கா?"

"இல்லை. நாளைக்குக் கூட்டத்திலை காட்டவேணும். அப்பதான் நம்புவினம்."

"அப்ப கூட்டத்திலை இருக்கிற ஆம்பிளையளும் எங்களைப் பாக்கவேணும்."

நியாயம் கேட்கப் புறப்பட்ட எனக்கு அது தோன்றவே இல்லை. பிள்ளைகள் தாங்களே கணினி முன் இருந்து அழிக்கத் தொடங்கினார்கள். சிறிய படங்களைப் பார்த்து, தங்கள் தலை தெரிகிற ஒவ்வொன்றையும் நீக்கினார்கள். இடையில் ஒரு வீடியோவில் மூத்தவளின் கை நின்றது. மத்தியான நேரம். செயலாளர் கதவை உள்ளே பூட்டுகிறார், சேட்டைக் கழற்றி ஆணியில் கொழுவுகிறார், விசிறிக்கு நேரே வாங்குப் பலகையில் சாய்ந்து, வயிற்றில் தாளம் போட்டபடி பழைய படப்பாட்டொன்றைச் சுருதியில்லாமல் பாடுகிறார். ஜன்னலடியில் நின்றவளும் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

"கூட்டத்துக்கு இதொண்டு காணும்," என்றாள் மூத்தவள்.

ஒருவரின் மானத்தைக் காக்க இன்னொருவரின் மானத்தை வாங்குவது முறையா என்று நான் தயங்கினேன். இப்போதும் எனக்கு முழுத் தெளிவு இல்லை. ஆனால் அதை முடிவு செய்யும் உரிமை அவர்களுடையது என்று விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மூத்தவள் என்னோடு கூட்டத்துக்கு வந்தாள். கணினி நிரம்பியதன் காரணத்தை நான் விளக்கினேன். யார் யார் பதிவாகியிருந்தார்கள் என்பதை விரித்துச் சொல்லவில்லை. அவள் அந்த வீடியோவை ஓடவிட்டாள். பாட்டு ஆரம்பித்ததும் நிர்வாகசபை குலுங்கிச் சிரித்தது. செயலாளரின் முகம் கறுத்துப்போயிற்று. எழுந்து திரையை மறைத்துக்கொண்டு நின்றார்.

"உதை நிப்பாட்டு, பிள்ளை."

அவள் நிறுத்தினாள். பிறகு, குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "உங்கடை ஒரு மத்தியானம்தான் அண்ணை நாங்கள் பாத்தது. எங்கடை ஒரு வருசம் வெளிநாட்டிலை அவையிட்டைக் கிடக்கு."

சிரிப்பு அடங்கிற்று. செயலாளர் வெளியே போய் ஏணியைக் கொண்டுவந்து, யாரையும் பிடிக்கச் சொல்லாமல் ஏறிக் கமராவைக் கழற்றினார். கணினி பிள்ளைகளுக்கு விடப்பட்டது. கூட்ட அறிக்கையில் கணினியின் கோளாறு திருத்தப்பட்டது என்று எழுதி எனக்கு நன்றியும் தெரிவித்தார்கள். பிள்ளைகளிடம் ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. வெளிநாட்டில் பிரதி இருக்கிறதா என்று கேட்டேன்; இல்லை என்று பதில் வந்தது. அதை நம்புவதற்கு எனக்கு ஒரு காரணமும் இல்லை.

ஜன்னலடியில் நின்ற பிள்ளை பிறகு நிலையத்துக்கு வரவில்லை. அவளுக்கான பாடங்களை நான் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். மற்ற மூவரும் வந்தார்கள். வந்ததும் முதலில் பின்கதவுக்கு மேலே பார்ப்பார்கள். அங்கே ஆணித் துளைகள் மட்டும் இருந்தன.

சில நாட்களின் பின் செயலாளர் தம் போனோடு கணினியருகில் வந்து நின்றார். கணினி திருத்தப்பட்டதற்கு ஒரு படம் அனுப்பும்படி சங்கம் கேட்டிருக்கிறதாம், பிள்ளைகளும் சுற்றி நின்றால் நல்லதாம். வழக்கமாக அவர் இப்படி வந்து நிற்பவரல்லர். போனை உயர்த்துவார், நாங்கள் திரும்பிப் பார்ப்போம், படம் எடுபட்டுவிடும். அன்று போன் அவர் கைக்குள்ளேயே இருந்தது.

"எடுக்கட்டோ, பிள்ளையள்?"

மூத்தவள் திரையிலிருந்து முகத்தைத் திருப்பாமல், "வேண்டாம் அண்ணை," என்றாள்.

அவர் போனைச் சேட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு, பத்திரிகைகளை மடிக்கப் போனார்.