ஊறிப்போன தக்கை

தையல் மிஷின் ரிப்பேர் செய்கிறவளுக்குத் தெருவில் மிஷின்காரம்மா என்றே பெயர். தனியாகக் கடையெல்லாம் கிடையாது. வீட்டு முன்னறையில் எண்ணெய்க் கறை படிந்த ஒரு மேஜை, சுவரில் ஆணிக்கு ஒன்றாகத் தொங்கும் திருப்புளிகள், அவ்வளவுதான். பூட்டு, மிக்சி, மின்விசிறி என்று திருகாணி உள்ள எதுவும் கடைசியில் அந்த மேஜைக்குத்தான் வந்து சேரும். கணவர் போன பிறகு அவளை நிமிர்ந்து நடக்க வைத்ததே அந்தக் கைராசிதான். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அவள் தம்பி ஏரியில் படகு ஓட்டுகிறவன். இக்கரை ஆட்களை அக்கரைக்கும் அக்கரை ஆட்களை இக்கரைக்கும் கொண்டுபோய் விடுவான். படகின் பின்னால் மாட்டியிருந்த மோட்டார் அப்பா காலத்தது. அது மூச்சு வாங்கி வாங்கி நின்றுபோனதும் படகுத்துறை மெக்கானிக் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு, "இதுக்கு ஸ்பேர் கிடைக்காது. எடைக்குப் போடு" என்றுவிட்டார்.

"அவன் கிடக்கிறான். கொண்டா, நான் பாக்குறேன்" என்றாள் அக்கா.

படகு மோட்டாரை அவள் அதுவரை தொட்டதே இல்லை. ஆனாலும் கார்புரேட்டரைக் கழற்றி மேஜையில் பரப்பியதும் பயம் தெளிந்துவிட்டது. உள்ளே பழைய பெட்ரோல் காய்ந்து பாகு மாதிரி ஒட்டிக் கிடந்தது. பெட்ரோல் வருகிற துளைகளை மெல்லிய கம்பியால் குத்தி, வாயால் ஊதினாள். கசியாமல் இருக்க இடையில் வைக்கும் கேஸ்கெட் அட்டை கிழிந்திருந்ததால், அதை அளவெடுத்துப் புதிதாக வெட்டினாள். மேஜையில் மிச்சமிருந்த எல்லாவற்றையும், பெட்ரோல் கிண்ணத்துக்குள் மிதக்கிற வட்டமான தக்கை உட்பட, ஒரு டப்பா பெயிண்ட் தின்னரில் போட்டு ஊறவைத்தாள். தக்கை கருஞ்சிவப்பாக உள்ளே போய் வெளிறிப்போய் வெளியே வந்தது. எவ்வளவு அழுக்கு என்று நினைத்துக்கொண்டாள்.

துறையில் தண்ணீர் நிரப்பிய பீப்பாய்க்குள் மோட்டாரை நிறுத்திக் கயிற்றை இழுத்ததுமே பிடித்துக்கொண்டது. "அக்கான்னா அக்காதான்!" என்று தம்பி கத்தினான். மெக்கானிக் தலையைச் சொறிந்துகொண்டு நகர்ந்தார். அவள் கையைத் துடைத்தபடி, ரொம்பச் சாதாரணமாக இருப்பதுபோல் நின்றாள்.

மறுநாள் காலை நடு ஏரியில் மோட்டார் நின்றது. பெட்ரோல் பொங்கி வழிந்து தண்ணீர்மேல் வானவில்லாகப் பரவியது. படகில் ஒருவர் சிகரெட்டைப் பற்றவைக்க இருந்தாராம். தம்பி பாய்ந்து தட்டிவிட்டிருக்கிறான். துடுப்புப் போட்டுக் கரை சேருவதற்குள் ஏறியிருந்தவர்கள் அவனை வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்துவிட்டார்கள்.

செய்தி கேட்டு அவள் ஓடினாள். துறையில் ஒரு கூட்டமே நின்றது. எல்லோரும் அவள் முகத்தைத்தான் பார்த்தார்கள். அந்தப் பார்வை தாங்காமல் வாயில் வந்ததைச் சொன்னாள்: "மோட்டார்ல ஒரு குறையும் இல்ல. பெட்ரோல்ல தண்ணி கலந்திருக்கு. கேன் யார் பொறுப்பு?"

கேன் தம்பி மனைவியின் பொறுப்பு. பெட்ரோல் ஊற்றுவது, டிக்கெட் கிழிப்பது, கயிறு கட்டுவது எல்லாம் அவள்தான்.

"உனக்குக் கண்ணு பிடரியிலயா இருக்கு? ஒரு கேன ஒழுங்கா வச்சுக்கத் துப்பில்ல!" என்று அத்தனை பேர் முன்னாலும் தம்பி பாய்ந்தான். அந்தப் பெண் கேனை எடுத்துக்கொண்டுபோய் உதறினாள், துணியால் துடைத்தாள், வெயிலில் கவிழ்த்து வைத்தாள். மோட்டாரின் பெட்ரோல் டேங்கையும் அப்படியே செய்தாள்.

புதுப் பெட்ரோல் ஊற்றியும் மோட்டார் அதே மாதிரி வழிந்தது. கார்புரேட்டரை மட்டும் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து பிரித்தாள் மிஷின்காரம்மா. மிதக்க வேண்டிய தக்கை கிண்ணத்தின் அடியில் கிடந்தது. நகத்தால் அழுத்தினாள். பஞ்சை அழுத்தினதுபோல் பெட்ரோல் கசிந்தது.

அப்போதுதான் புரிந்தது. அழுக்கு என்று அவள் நினைத்தது தக்கையைக் காத்த வார்னிஷ் பூச்சு. அதைத் தின்னரில் போட்டுக் கரைத்தவள் அவளேதான். பூச்சு போன தக்கை பெட்ரோலைக் குடித்துக் கனத்து மூழ்கிவிட்டது. கிண்ணம் நிரம்பியதும் மேலே எழும்பிப் பெட்ரோல் வரும் வழியை அடைக்க வேண்டியது அதுதான்; அது மூழ்கியதால் பெட்ரோலைத் தடுக்க ஆளில்லாமல் போயிற்று. வீட்டில் யாரும் இல்லை. இருந்தும் யாரோ பார்த்துவிட்டதுபோல் எழுந்து கதவைச் சாத்தினாள்.

தக்கையை நன்றாகக் காயவைத்து, விரலோடு விரல் ஒட்டிக்கொள்ளுமே, அந்தச் சின்ன டியூப் பசையை மேலே பூசி இறுகவிட்டாள். கிண்ணத்தில் மிதக்கவிட்டுப் பார்த்தாள். பழையபடி மிதந்தது. மாட்டிக் கொடுத்தாள். மோட்டார் ஓடியது. என்ன கோளாறு என்று யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

இதோடு போயிருந்தால் மனதைத் தேற்றிக்கொண்டிருப்பாளோ என்னவோ. ஒரு நாள் துறைப்பக்கம் போனபோது தம்பி மனைவி தள்ளி, சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். கேனைத் தம்பியே தூக்கிக்கொண்டு போனான்.

"ஏம்மா, நீ போகலையா?"

"நான் தொட்டா வெளங்காதுன்னு சொல்லிட்டாரு, அண்ணி. படகுலயும் ஏற வேண்டாமாம்."

அவள் குரலில் கோபமே இல்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை என்றிருந்தது மிஷின்காரம்மாவுக்கு. உடம்பெல்லாம் கூசியது. வீட்டுக்குத் திரும்பிவிடலாமா என்றுகூட ஒரு கணம் கால் தயங்கியது. பிறகு படகுக்கே நேராக நடந்தாள். ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். மெக்கானிக்கும் நின்றிருந்தார்.

"தம்பி, கேன்ல தண்ணியே இல்லடா" என்றாள். "நான்தான் தக்கையக் கெடுத்தேன். தின்னர்ல போட்டுட்டேன். பழிய அவ மேல போட்டுட்டு, தெரிஞ்ச பிறகும் சும்மா இருந்தேன்."

தம்பி ஏரியைப் பார்த்தான். "சரி விடுக்கா, இப்பதான் ஓடுதே" என்றான். அவனுக்கு அவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது. மன்னிப்பு என்று ஒன்று மனைவியிடம் அவன் கேட்டதாகத் தெரியவில்லை. கேனை மட்டும் அவள் பக்கமாகக் கீழே வைத்தான்.

தம்பி மனைவி எழுந்து வந்து எடுத்துக்கொண்டாள். விடுங்க என்று அவள் சொல்லவில்லை.

"எனக்கு அன்னிக்கே தெரியும், அண்ணி. கண்ணாடி பாட்டில்ல ஊத்திப் பாத்தேன். தண்ணி இருந்தா அடியில தனியா நிக்கும். நிக்கல."

"பின்ன ஏம்மா சொல்லல?"

"சொன்னா யாரு நம்புவா? நீங்க மிஷின்காரம்மா."

அதற்கு மேல் மிஷின்காரம்மாவால் அங்கே நிற்க முடியவில்லை. எப்படி வீடு வந்தாள் என்றே அவளுக்கு நினைவில்லை.

ரொம்ப நாள் தம்பி மனைவி மிஷின்காரம்மா வீட்டுப் பக்கம் வரவில்லை. தம்பி வந்து போவான். "அவளுக்கு வேலை" என்பான். மழைக்காலம் முடிந்து ஒரு நாள், இறுகிப்போன தையல் மிஷின் ஒன்றைத் தூக்கிக்கொண்டு அவளே வந்தாள். அவளுடைய அம்மாவின் மிஷின்.

"வச்சுட்டுப் போ, சாயங்காலம் தரேன்."

"இல்ல அண்ணி, இருக்கேன்."

நாற்காலியை மேஜையருகே இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு திருகாணி கழன்று வருவதையும் கண் இமைக்காமல் பார்த்தாள். வேறு யாராவது அப்படிப் பார்த்தால், "வெளிச்சத்த மறைக்காத, தள்ளி உக்காரு" என்று எரிந்து விழுவது மிஷின்காரம்மா வழக்கம். அன்று தலையைக்கூட நிமிர்த்தவில்லை. கழற்றியதை எல்லாம் அந்தப் பெண்ணின் கண்ணுக்கு நேராக வரிசையாக வைத்துக்கொண்டே போனாள்.