மோப்பத் தேர்வில் மூன்றாவது தட்டு

நாற்பத்தோராம் வயதில் சின்ன மருமகள் இறாலுக்குத் தரம் பார்க்கும் பயிற்சியில் சேர்ந்தபோது, அவளுக்கு வாசனை தெரியாமல் போய் ஒன்பது மாதம் ஆகியிருந்தது. வந்த விஷக் காய்ச்சல் போகும்போது மூக்கையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. வெளியே சொல்லவில்லை; உடன் பயிற்சிக்கு வந்த ஓரகத்திக்கு மட்டும் தெரியும். படகில் வலை இழுக்கும் விஞ்சில் கால் நசுங்கிக் கணவன் கட்டிலோடு கிடந்தான். சான்றிதழும் அதை வைத்துக் கிடைக்கும் இறால் தொழிற்சாலை வேலையும் அவளுக்குக் கிடைத்தே தீர வேண்டியிருந்தது.

பயிற்சிக்கூடம் எலும்பு வரை குளிரும் ஒரு நீண்ட அறை. இறாலைப் பார்த்து, தொட்டு, கடைசியில் முகர்ந்து தரம் சொல்ல வேண்டும். ஓடு தளர்ந்ததையும் கரும்புள்ளி விழுந்ததையும் சின்னவள் எல்லாருக்கும் முன்னால் கண்டுபிடித்துவிடுவாள். முகரும் முறை வந்தால் மட்டும் மேசைக்கடியில் ஓரகத்தியின் ரப்பர் பூட்ஸ் அவள் காலை மிதிக்கும். ஒரு மிதி என்றால் நல்லது, இரண்டு மிதி என்றால் கெட்டது.

"ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே மூக்காம்மா?" என்று பயிற்சியாளர் ஒருநாள் கேட்டார்.

"ஒரே மாமியார்கிட்ட குப்பை கொட்டறோம் சார். எல்லாமே பங்குதான்," என்றாள் ஓரகத்தி. அறையே சிரித்தது.

தேர்வன்று மேசைகளை ஆளுக்கொன்றாகத் தள்ளிப் போட்டிருந்தார்கள். மூன்று தட்டுகளில் ஓடும் தலையும் நீக்கிய இறால், ஐஸில் விறைத்துக் கிடந்தது. விரலுக்குப் பிடிபடுவதற்கு அதில் ஒன்றுமில்லை. முதல் இரண்டையும் எப்படியோ ஊகித்துச் சரியாகச் சொல்லிவிட்டாள். மூன்றாவது தட்டின்மேல் குனிந்து மூச்சை இழுத்தாள்.

"நல்ல சரக்கு சார்."

பயிற்சியாளர் ஓரடி பின்வாங்கினார். "இன்னொரு தடவை பாருங்க."

"நல்ல சரக்குதான்."

அடுத்த மேசைக்காரி முந்தானையால் மூக்கைப் பொத்தியிருப்பதை அப்போதுதான் கண்டாள்.

"இத்தனை நாள் எப்படிச் சரியா சொன்னீங்க?"

ஓரகத்தி தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அவளுடைய தட்டுகள் இன்னும் தொடப்படாமல் இருந்தன.

"குத்துமதிப்பா அடிச்சு விட்டேன் சார்."

"மூணு மாசமாவா?"

"மூணு மாசமாத்தான். யாரும் சொல்லித் தரல."

அவர் தேர்வுத்தாளில் அவள் எண்ணை அடித்தார். ஓரகத்தி அன்று தேறினாள்; தொழிற்சாலையில் வேலையும் கிடைத்தது.

ஒரு வாரம் கழித்துப் பயிற்சியாளரே சின்னவளை வரச் சொல்லி அனுப்பினார். தொழிற்சாலைக்குப் பின்னால் தலையும் ஓடும் மலைபோல் குவியும் கழிவுக் கொட்டகை ஒன்று இருந்தது. "அங்க ஒரு ஆளும் ரெண்டு நாளைக்கு மேல நிக்கறதில்லம்மா. உங்களுக்குத் தொந்தரவு இருக்காது," என்றார், முகத்தைப் பார்க்காமல். அவர் கருணையோடுதான் சொன்னார். அவளும் சரியென்றாள்.

பதினோரு வருடம் அந்தக் கொட்டகையில் மண்வெட்டியால் கழிவு அள்ளினாள். மாலைப் பேருந்தில் அவள் ஏறியதும் பக்கத்து இருக்கைகள் காலியாகும். தன்மேல் எவ்வளவு நாற்றம் என்பதை மற்றவர்களின் முகத்தைப் பார்த்து அளந்துகொள்வாள். ஓரகத்தி மட்டும் எழுந்து வந்து அருகில் உட்காருவாள், மழையானாலும் ஜன்னலை முழுக்கத் திறந்து வைத்துக்கொண்டு.